புகை வந்த சனிக்கிழமை

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
கீழே குழாய் அறுக்கிற சத்தம் ஓய்கிற இடைவெளியில்தான்
நாங்கள் யோசிப்போம்.
பதினொரு பிள்ளைகள், பத்து வயதிலிருந்து பதினாறு வரை.
கிழமை நாட்களில் நான் கோட்டையில்
இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சந்தேகிக்கிறவள்.
சனிக்கிழமைகளில் அதையே சம்பளமில்லாமல்.

அன்று பலகையில் எழுதியிருந்தேன்:
மழை பெய்தால் சந்தியில் தண்ணீர் நிற்கும்.
சந்தியில் தண்ணீர் நிற்கிறது.
ஆகவே

"குழாய் உடைஞ்சிருக்கும்" என்றான் இஃப்லால்.
"எங்கட ரோட்டில எப்பவும் அதுதான்."
வந்த வழியே திரும்பி நடந்தால்
புறப்பட்ட வீடுதான் வரும் என்றில்லை,
இப்படி ஒரு வசனம் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.
தேவைப்படவில்லை.

அப்போதுதான் கடைக்காரம்மா படியேறி வந்தார், மூச்சு வாங்க.
சுற்றுலாவுக்கென்று பிஸ்கட் டின்னில் சேர்த்த சல்லி,
மூவாயிரத்து இருநூறு, காணவில்லை.
எல்லோரும் எங்கே பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும்,
நானும் அங்கேதான் பார்த்தேன்:
ரொமேஷின் கால்களை.
வெள்ளைச் சப்பாத்து. மடிப்பு விழாத புதுசு.
போன கிழமை வகுப்பு முடிய முன்னம் இறங்கிப் போனவன்.

"ஆளைச் சொல்லுங்க டீச்சர்.
நீங்கதானே மூளையைப் பாவிக்கப் படிப்பிக்கிறது.
நெருப்பில்லாமப் புகையுமா?"

சல்லி கிடைத்தால் சப்பாத்து வாங்கலாம்.
சப்பாத்து வாங்கியிருக்கிறான்.
ஆகவே
எனக்குப் பின்னால் பலகை அப்படியே இருந்தது.
திரும்பிப் பார்க்க வெட்கமாயிருந்தது.

தெருவில் மெஷின் உறுமியது.
மாநகரசபையின் டெங்குப் புகை.
யன்னலைச் சாத்த ஓடினார்கள், ஒரு கொளுக்கி இல்லை,
வெள்ளையாய் உள்ளே வந்து
முதலில் பலகையை மறைத்தது, பிறகு கடைக்காரம்மாவை.
இருமலுக்கு நடுவே அன்டனிட்டாவின் குரல்:
"புகை வந்திட்டுது. நெருப்பு எங்க?"
சிரித்தார்கள். ரொமேஷைத் தவிர.

"இருக்கு" என்றாள் கடைசி வாங்கிலிருந்து கேஷவி.
பத்து வயது, எதையும் விட்டுக்கொடுக்காதவள்.
"மெஷினுக்குள்ள பெட்ரோல் எரியுது. மாமா காட்டினவர்.
நெருப்பு இருக்கு. ஆனா புகை வந்த வீட்டில இல்ல.
புகையைத் தூக்கிட்டு வாறவர்ட தோளில இருக்கு."

யாரையும் நினைத்து அவள் சொல்லவில்லை.
மெஷினைப் பற்றித்தான் சொன்னாள்.
கடைக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்;
புகைதான், சத்தியமாகப் புகைதான்.

பிறகு கேள்விகள் வந்தன, ஒழுங்கில்லாமல்,
நான் கற்றுக்கொடுத்த வரிசையில் ஒன்றுகூட இல்லை.
டின்னைக் கடைசியாக எண்ணியது யார்?
வெசாக்குக்கு முன்னமா பிறகா?
சாவி தொங்குகிற ஆணி எத்தனை பேருக்குத் தெரியும்?
மூவாயிரத்து இருநூறு என்று யார் சொன்னது?
ரொமேஷ் பையைத் திறந்தான்,
கடையில் தந்த பில்லைத் தேடி விரல் நடுங்கியது.
"தேடாத" என்றாள் அன்டனிட்டா.
"எடுத்தான் எண்டு சொல்றவங்கதான் காட்டோணும்."
அவன் பையை மூடவும் இல்லை, தேடவும் இல்லை.

பலகையை அழித்தேன்.
தெரியாது என்று எழுதினேன்.
என் கையெழுத்து அவ்வளவு பெரிதாக
அதற்கு முன் இருந்ததில்லை.

"இதைச் சொல்லவா ஒரு வகுப்பு?" என்றார் கடைக்காரம்மா.
"ஓம்" என்றேன். வேறு பதில் வரவில்லை.
அவர் இறங்கிப் போகிற ஒவ்வொரு படியும் கேட்டது.
வாடகை கூடலாம் என்று நினைத்தேன். கூடியது.

சல்லி இன்றுவரை கிடைக்கவில்லை.
நுளம்பும் குறையவில்லை.
ரொமேஷிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து,
பார்த்ததற்கெல்லாமா மன்னிப்பு என்று தள்ளிப்போட்டு,
தள்ளிப்போட்டதற்கு நியாயம் தேடினேன்.
நியாயம் தேடத் தெரிந்தவளுக்கு அதுதான் நோய்.

அடுத்த சனி பதினொரு பேரும் வந்தார்கள்.
வெள்ளைச் சப்பாத்து கணுக்கால் வரை சேறு.
சந்தியில் தண்ணீர் நின்றிருக்க வேண்டும்.
மழையா, குழாயா,
அவன் வாசலில் கழற்றி வைக்கும் வரை
பேசாமல் நின்றேன்.