நானூற்றுப் பன்னிரண்டாவது ஓட்டம்

வால்-தோர். பேரிலேயே பொன் வைத்திருக்கும் ஊர்.
பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
என் திரைக்குள் முந்நூற்றைம்பது டிகிரி,
பத்துக் கிலோமீட்டர் ஆழம்,
இருநூற்றெழுபது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை.

நிலத்தை நாற்பது லட்சம் நான்முகிகளாக நறுக்கியிருக்கிறேன்.
ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி:
எவ்வளவு நீரை விடுவாய்?
பாசால்ட் கஞ்சன்.
பிளவு ஊதாரி,
அதுவும் குவார்ட்ஸ் வந்து அடைக்கும் வரைக்கும்தான்.

அடைத்தபின் அழுத்தம் ஏறும்,
சொல்லாத சொல் தொண்டையில் ஏறுவதுபோல்
என்று தட்டச்சு செய்து
அழித்தேன். இது அறிக்கை.
மெகாபாஸ்கல்.

மேலே கிடக்கும் மலையின் எடையைத் தொட்டதும்
ஒரு நடுக்கம். முடியளவு விரிசல்.
நீர் பாயும், அழுத்தம் விழும்,
கந்தகத்தின் கைபிடித்து வந்த பொன்
பிடி நழுவும்.
ஒரு டன் நீருக்கு ஒரு கடுகு.

பிறகு மறுபடி அடைப்பு. மறுபடி ஏற்றம்.
அடிமேல் அடி வைத்தால் அம்மி நகருமாம்.
இந்த அம்மி நகரவில்லை,
மினுங்கியது.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில்.
என் கணக்கில், நானூற்றுப் பதினொன்றாம் ஓட்டம் வரை
நீர், டிக்கெட் எடுத்த பயணிபோல்
எங்கும் திகைக்காமல் மேலேறிப் போனது.
போன வாரம் டயோரைட்டின் விளிம்பை
இரண்டு டிகிரி சாய்த்தேன்.
பொன் மொத்தமும் ஒரே முடுக்கில்,
திரை சிவக்கச் சிவக்க.
அங்கே துளையிடுங்கள் என்றேன்.

இப்போது நொர்மான் பெப்பன் அழைக்கிறான்,
டீசல் இரைச்சலுக்கு மேல் கத்தி:
“ஒதீல், நானூற்று நாற்பது மீட்டர்!
நரம்பு நீ சொன்ன இடத்திலேயே இருக்கு,
முழங்கை நீளத்துக்கு அகலம்!”
பொன்?
“பால் மாதிரி வெள்ளை.”

பொன் வைக்கிற இடத்தில்
பூ வைத்திருக்கிறது பூமி.

அவன் வைத்துவிடவில்லை.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு,
“ஓரத்தில் கறுப்புக் கோடுகள். எண்ணிப் பார்த்தேன்.
பதினேழு.”

பதினேழு முறை திறந்து மூடியிருக்கிறது.
என் மாடலில் ஒரே முறை.
ஒரு படிக்கு நூறு வருடம் வைத்திருந்தேன்,
கம்ப்யூட்டருக்கு வலிக்காமல் இருக்க.
நடுக்கத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.
நான் தாண்டிக் குதித்த ஏதோ ஒரு நிமிடத்தில்
கடுகு விழுந்திருக்கிறது,
இந்த முடுக்கில் அல்ல,
வேறெங்கோ.

படியை ஒரு நொடியாக மாற்றுகிறேன்.
நானூற்றுப் பதின்மூன்று.
மீதமுள்ள நேரம், என்கிறது திரை:
பதினோரு ஆண்டுகள், நான்கு மாதங்கள்.

நொர்மானிடம் சொன்னேன்,
அடுத்த துளைக்கு அவசரமில்லை,
போய்ச் சாப்பிடு.