முடவன் முழுக்கு

ஐப்பசி இருபத்தெட்டு, இரவு பதினொன்றரை.
கணக்கெடுப்புப் படிவம் என் கையில்,
டார்ச் சுகாதார மேற்பார்வையாளர் கையில்.
துலாக் கட்டத்துப் படியில்
யார் வீடில்லாதவர், யார் கடைமுழுக்குக்கு வந்தவர்?
எல்லோரும் ஒரே மாதிரிதான் சுருண்டிருக்கிறார்கள்.
எழுப்பித்தான் கேட்க வேண்டும்.
“முழுக்கு முடிஞ்சு ஊருக்குப் போவீங்களாம்மா?”
ஒரு பெண் ரொம்ப நேரம் யோசித்தாள்.
யோசிப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ரயிலடிக்கு வெளியே பக்கிரிசாமி.
தலை ரயில்வே இடத்தில்,
கால் நகராட்சி நடைபாதையில்.
இவருக்காகவே போன மாதம் ஒருங்கிணைப்புக் கூட்டம்:
ரயில்வே, காவல் நிலையம், அரசு மருத்துவமனை, நாங்கள்.
டீ, மெதுவடை நூற்றெண்பது ரூபாய்.
தீர்மானம்: அடுத்த கூட்டம்.

காப்பகத்துத் தையல்நாயகி மட்டும்
அன்று சாயங்காலமே போய்க் கூப்பிட்டிருக்கிறாள்.
“மூட்டைய உள்ள விடுவியா?” என்றாராம்.
விதியில் இல்லை.

காப்பகம், பழைய வரி வசூல் மையம்.
கட்டில் ஐம்பது.
நடத்துவது ஓர் அறக்கட்டளை,
அதற்குப் பணம் தர வேண்டியது நாங்கள்,
எங்களுக்குச் சென்னை, சென்னைக்கு தில்லி.
மேட்டூர் திறந்தும்
கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான்.
கடைமடையில் யூசுப் பாய் நிற்கிறார்,
நான்கு மாதப் பால் பாக்கிக்கு.
செலவழித்த சான்று கொடுத்தால் பணம் வரும்.
பணம் வந்தால் செலவழிக்கலாம்.
இந்த இரண்டு வரிக்கு நடுவில்
தையல்நாயகியின் தோடு அடகில் இருக்கிறது.
அதை அவள் சொல்லவில்லை,
காது சொன்னது.

கார்த்திகை ஒன்று.
பிந்தி வந்த முடவனுக்காக
ஆறு ஒரு நாளைத் தள்ளிக் கொடுத்த ஊர் இது.
தணிக்கைக்காரர் தள்ளிக் கொடுப்பதில்லை.
காலையில் ஒதுக்கீட்டு ஆணை வந்தது,
ஐம்பது பேருக்குக் கேட்டிருந்தோம், நாற்பது பேருக்கு.
பாய்க்குப் பாதி. தோட்டுக்கு, பார்க்கலாம்.

மத்தியானம் பட்டமங்கலத் தெருவில்
ஒரு தகரப்பெட்டியும் பூட்டும் வாங்கினேன்.
அறுநூற்று நாற்பது. ‘இதர செலவினம்.’
ஆணையர் பேனா ஒரு கணம் நின்று
கையெழுத்தானது.

சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு
பக்கிரிசாமி படுத்திருக்கிறார்,
தலையும் காலும் நகராட்சி எல்லைக்குள்.
பதிவேட்டில் நாற்பத்தொன்றாவது ஆள்.
கட்டில் இருக்கிறது,
கணக்குத் தலைப்பில் பணம் இல்லை.
கொசுவர்த்தி ஒன்று குறைகிறது என்று
தையல்நாயகி கத்துகிறாள்.