முப்பத்தேழு

கீழே கிளினிக். மேலே வீடு.
நடுவில் பதினாறு படி.

கீழே என்னிடம் இருக்கும் நீலம்
பேனா தடிமன்.
கடைவாய்ப் பல்லில் இருபது நொடி பிடித்தால்
பசை கல்லாகிவிடும்.
மேலே இருப்பது இரண்டடித் தகடு.
ஒன்பது மணி நேரம் எரிந்து
கல்லில் ஒட்டிய உயிரை
கூழாகவே வைத்திருக்கிறது.

மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து கடல் செய்கிறேன்.
பஸ் ஏறினால் தேங்காய்ப்பட்டணம்,
நிஜக் கடல், இலவசம்.
நானோ வாளி உப்பு வாங்கி
வடிகட்டிய தண்ணீரில் கலக்கி
துளி எடுத்து, லென்ஸ் வழியே
காரம் பார்க்கிறேன்.
"அங்க சும்மா கெடக்கியத
இங்க ரூவா குடுத்தா வாங்குவிய?"
பல் கட்ட வந்த தங்கப்பழம் கேட்டார்.
வாயைத் திறக்கச் சொன்னேன்.

காளான் பவளங்கள் ஐந்து,
கொளத்தூர்க் கடையிலிருந்து தெர்மோகோல் பெட்டியில்
அனந்தபுரி ஏறி
குழித்துறையில் இறங்கியவை.
ஆரஞ்சு மூன்று, பச்சை ஒன்று,
ஒன்றுக்கு நிறம் இன்னும் முடிவாகவில்லை.

ஆனிக் காற்றில்
எங்கோ ஒரு ரப்பர்க் கிளை கம்பியில் சாய
கரண்டு போனது, வந்தது, போனது,
வந்தது.
நான் சொல்லிவைத்ததையெல்லாம் மறந்து
பிறந்த இடத்துப் பாடத்தை
ஒப்பிக்கத் தொடங்கியது விளக்கு:
நீலம் நூறு, ஊதா நூறு,
வெள்ளை நூறு, சிவப்பும் நூறு.
நான் மதுரையில், பயிற்சி முகாமில்.
மூன்று நாள் ரெஜிமோன் நாற்காலி போட்டு ரசித்திருக்கிறார்.
போனில் சொன்னார்:
"இப்பதான் நல்லா தெளிவாட்டு தெரியுது."

வந்து பார்த்தேன்.
உள்ளங்கை அகலம் விரிந்தவை
சட்டைப் பொத்தான் அளவு.
ஆரஞ்சு போன இடத்தில்
எனக்குப் பழகிய ஒரு நிறம்.
மாதிரிப் பல் வரிசையில் பி ஒன்று.
கல்யாணத்துக்கு முந்தின மாதம்
எல்லோரும் கேட்கும் வெள்ளை.

பழுப்பு அழுக்கல்ல என்று
கீழே தினமும் சொல்கிறேன், யாரும் நம்புவதில்லை.
மேலேயும் அதே கதை.
சதைக்குள் குடியிருக்கும் பாசி
வெளிச்சத்தில் சமைத்துப் போடுகிறது,
பவளம் தின்கிறது.
அடுப்பு மிஞ்சினால் எல்லாம் கருகும்.
வீட்டுக்காரி குடித்தனத்தைத் துரத்திவிட்டு
பட்டினி கிடக்கிறாள்.
வெள்ளை, காலி வீட்டின் நிறம்.

அப்பாயின்ட்மென்ட் டைரியின் கடைசிப் பக்கத்தில்
சிகிச்சை எழுதினேன்:
நீலம் இருபத்தொன்று. ஊதா அதில் பாதி.
வெள்ளை நான்கு. சிவப்பு வேண்டாம்.
செவ்வாய்தோறும் நீலம் மட்டும்
இரண்டு கூட்டலாம்,
சுருங்கினால் அந்த வாரம் அப்படியே.

கஷ்டம் என் கண்ணால்தான்.
மங்கலாகத் தெரிகிறதே என்று
விரல் தானாகத் திரையில் மேலே போகும்.
எனக்கு அந்தி, அதற்கு உச்சிவெயில்.
விரலை எடுத்துவிட்டு
போனை அரிசிப் பானைக்குள் வைத்தேன்,
ஒரு இரவு முழுக்க.

எதிர்வீட்டு சுபிலா ஜன்னலைப் பார்த்து
ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறதா என்று
இரண்டு முறை இறங்கி வந்தாள்.
தடித்த திரை ஒன்று வாங்கித் தைத்தேன்.

எட்டாவது செவ்வாய், முப்பத்தேழு.
மருந்து ஒளிக்கு நாங்கள் போடும்
ஆரஞ்சுக் கண்ணாடிகளில் இரண்டை
மேலே கொண்டுவந்தேன்.
அதை மாட்டினால் நீலம் அணைந்துவிடும்,
அடியில் இருப்பது மட்டும் எரியும்.

ரெஜிமோனும் மாட்டிக்கொண்டு குனிந்தார்.
மூக்கு கண்ணாடியில் பட்டது.
"ஓரத்துல ஒரு நூலு மாதிரி... பச்சையா?"
நிறம் முடிவாகாத அந்த ஒன்று.
மற்ற நான்கில் ஒன்று போய்விட்டது,
அதைப்பற்றி அவரும் பேசவில்லை.

"நாப்பது ஆக்கிருவோமா?"

முப்பத்தொன்பது, என்றேன்.
அதுவும் அடுத்த செவ்வாய்.