தொண்ணூற்று மூன்று

பெருமாள்மலை தாண்டும்வரை ஊசி ஒழுங்காகத்தான் இருந்தது.
வெள்ளி அருவி வளைவில் சுற்றுலா பஸ் ஒன்று
பின்னுக்கு வர, நான் நிற்க,
அது மெல்ல எழுந்து சிவப்பைத் தொட்டது.
பானெட்டுக்குள் யாருக்கோ உலை கொதிக்கும் சத்தம்.

ஷார்ஜாவிலிருந்து நீ சொன்னாய்:
"ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். வித்துடு."
இரண்டு நொடி தாமதமாக வந்து சேரும் குரலுக்கு
எவ்வளவு உறுதி.

ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை.
ஆட்டுவம்பட்டியில் எட்டரைக்கும் விலகாத மூடுபனி.
ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும் என்று
எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.
நம் வீட்டில் அது பழக்கம்.

முதலில் ஆயில் குச்சி.
உருவித் துடைத்து, மறுபடி விட்டு, உருவினேன்.
தேன் நிறம். பால் கலந்த டீயாக மாறியிருக்கவில்லை.
புகையைப் பார்க்கலாம் என்றால்
இந்த ஊரில் காலையில் எல்லாமே வெள்ளையாகப் புகைகிறது,
பால்காரர் பைக், தெருநாய், என் வாய்.
குனிந்து மோந்தேன். இனிப்பு வாசனை இல்லை.
பின்வீட்டு ரெஜினா மதிலுக்கு மேல் எட்டி
"வண்டிக்கு முத்தமா?" என்றாள்.

பெல்ட் இறுக்கம்.
விசிறிக்குப் பதினெட்டு நிமிடம் காத்திருந்தேன்,
நான் நம்பிக்கை இழந்த நிமிடத்தில் சுற்றியது.
மேல் குழாய் சுட்டது.
கீழ்க் குழாய் வெதுவெதுப்பு. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

மதியம்வரை ஆறவிட்டு
பத்தாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு போல்ட்.
தெர்மோஸ்டாட் உள்ளங்கைக்கு வந்தது.
இதற்காகவா இவ்வளவு, என்று தோன்றும் ஒரு வில்லையும் ஸ்பிரிங்கும்.
ஜாம் சட்டியில் தண்ணீர் வைத்து,
பிளம்ஸ் காய்ச்ச வாங்கிய வெப்பமானியை ஓரத்தில் செருகி,
அதை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
எண்பதில் சும்மா இருந்தது.
எண்பத்து மூன்றில் வாய் திறந்தது,
பிரசங்கத்தின் நடுவே கொட்டாவி விடுபவன் மாதிரி.
இதன்மேல் குற்றமில்லை.

அடுப்பை அணைக்காமல் நின்றேன்.
தண்ணீர் தளதளவென்று கொதித்தது.
வெப்பமானி தொண்ணூற்று மூன்றில் நின்று
மேலே ஏற மறுத்தது.

தெரிந்த விஷயம்தான்.
கீழே வத்தலக்குண்டில் நூறு வரை பொறுக்கும் தண்ணீர்
நம் உயரத்தில் ஏழு டிகிரி முன்கோபி.
(உன் வார்த்தை. எனக்கு வைத்தது.)
குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகுமா?
அதற்குள் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது ஒரு ரப்பர் வளையம்.
அப்படியானால் வண்டியில்,

ஈரக்கையோடு ஓடினேன்.
ரேடியேட்டர் மூடியைப் புரட்டினேன்.
வளையத்தில் நகக்கண் அளவுக்கு வெடிப்பு,
உள்ளே ஓரம் முழுக்க அப்பளம் போல் காய்ந்திருந்தது.
தை மாதம், விசில் வராமல் பக்கவாட்டில் சீறிய குக்கருக்கு
நான் மாற்றினேனே,
அதே கறுப்பு வட்டம். அளவுதான் சிறியது.

மூஞ்சிக்கல்லில் பாதி ஷட்டர் இறக்கிய கடை.
துரைக்கண்ணன் புது மூடியைத் தேடிக்கொண்டே
"ஓனர் வரலையா?" என்றார்.
"வந்திருக்கேன்" என்றேன்.

தெர்மோஸ்டாட்டைப் பூட்டி, கூலன்ட் நிரப்பி,
சாயங்காலம் பெருமாள்மலை வரை இறங்கித் திரும்பி ஏறினேன்.
அதே வளைவு. யாரும் பின்னுக்கு வரவில்லை,
வேண்டுமென்றே ஓரம் கட்டினேன், எஞ்சினை அணைக்காமல்.
குரங்கு ஒன்று பானெட்டில் ஏறி
சூட்டுக்கு வயிற்றை வைத்துப் படுத்தது.
ஊசி பாதியில்.
பத்து நிமிடம். இன்னும் பாதியில்.

ஃபோன் அடித்தது.
"என்ன விலை சொல்றாங்க?"
"இருநூத்தி எம்பது."

இரண்டு நொடி.
அதன் பிறகும் ஒன்றும் வரவில்லை.