ஐந்து வரை எண்ணவும்

எஸ்தோனியாவில், வோரு நகர நூலகக் கதவில் சீட்டு:
‘உங்களுக்கு உதவக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.
இன்று திறக்க மாட்டோம்.’

உள்ளே, சூப்புக்குப் பிறகு, நடிப்புப் பயிற்சி.
பத்தொன்பது வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த
மாரிக்காவுக்கு வாசகர் வேடம்.
“நீல அட்டை. பேர் மறந்துபோச்சு” என்றாள்.
சிரித்தோம். எங்கள் எல்லோருக்கும்
தெரிந்த நீலம் அது.

ஹெல்யு மட்டும் சிரிக்கவில்லை.
கையேட்டில் உள்ளபடியே கேட்டாள்:
“எதுக்காகத் தேடுறீங்க?”
கையேட்டின் அடுத்த வரி:
பதில் வராவிட்டால் ஐந்து வரை எண்ணவும்.

ஐந்தில், மாரிக்கா
கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.
ஒன்பதில் ஜன்னலைப் பார்த்தாள்; பனி.
நாங்களும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

பதினான்கில்,
“ராத்திரியில வீடு ரொம்பப் பெரிசா இருக்கு.
அதுக்கு ஏதாவது இருக்கா?”

கையேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஹெல்யு எழுந்தாள்,
நிஜ அலமாரியை நோக்கி.