இருநூற்றுப் பதினான்காம் எபிசோட்

வடகரை ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
செவ்வாய், வியாழன், சனி. பகல் ஷிப்ட்.
டிவிக்குச் சத்தம் கிடையாது.
சத்தம் வைத்தால் டயாலிசிஸ் மெஷின் கூப்பிடுவது கேட்காதென்று
டெக்னீஷியன் ஞானசௌந்தரி
ரிமோட்டைக் கோட்டுப் பையிலேயே வைத்திருப்பாள்.

ஆகவே எங்களுக்குக் ‘கூட்டுப் பட்டா’ தொடரில்
வாயசைப்பு உண்டு, அழுகை உண்டு,
யார் யாருக்குக் கொழுந்தன் என்பது தெரியாது.
தெரிவதெல்லாம் தொடக்கத்தில்
மூன்று நொடி மஞ்சளில் நிற்கும் எபிசோடின் பெயர்.
அதை வைத்துத்தான் நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும்.
ரத்தம் அதுபாட்டுக்கு வெளியே போய்
வந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் ‘மாலை’ என்று போட்டான்.
பொழுது சாயக் கிரயம் நடக்கும் என்றார்
இரண்டாம் கட்டில் சேவுகன்,
மேலூர்ப் பக்கம் சங்கிலி போட்டு நிலம் அளந்தவர்.
கழுத்துக்குத்தான், யார் கழுத்துக்குங்கறதுதான் கதை என்றார்
கிருஷ்ணாபுரம் காலனி பிரேமாவதி.
நான் மேலமாசி வீதி அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன்.
கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும்
ஒரே மேஜைக்கு வரும்.
வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு நாள் ‘வேலைக் கொடு’.
‘க்’ வந்தால் அது முருகன் கை வேல்,
உத்தியோகம் இல்லை, ஒற்றுப்பிழை என்றேன்.
பிழைன்னு ஏன் நெனைக்கிறீங்க என்றார் காஜாமைதீன்,
லாரிகளின் முதுகில் எழுதியே இருபது வருஷம் ஓட்டியவர்.
ஒரு எழுத்தைச் சும்மா போடுவானா,
பெயிண்ட் விக்கிற விலைக்கு?
திரையில் மில் வாசலில் ஒருவன் மனு நீட்டிக்கொண்டிருந்தான்.
முடிகிற நேரத்துக்கு அரிவாள் பறந்தது.
வேல் வரலையே என்றேன்.
ஏதோ ஒண்ணு வந்துச்சில்ல.

பிறகு இருநூற்றுப் பதினான்கு.
பெயர்: ஆறு.

ஆறு எல்லை என்றார் சேவுகன்.
அது இடம் மாறினால் வரைபடம் சும்மா காகிதம்,
அண்ணன் அங்கிட்டு, தம்பி இங்கிட்டு.
பிரேமாவதி கட்டை விரலால் திரையைக் காட்டினார்:
மருமகள் ஜன்னல் திட்டில் வைத்த பால்,
ஆடை படிகிறது, யாரும் எடுக்கவில்லை.
ஆறுன்னு பாலுக்கா சொல்றான்? அவளுக்குச் சொல்றான்.
வழி என்றும் ஒரு பொருள் உண்டு, பழைய தமிழில், என்றேன்.
ஒருவரும் மதிக்கவில்லை.
காஜாதான் கடைசியில்:
நமக்கு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி?
ஆறு. அதுவும் சின்ன டம்ளர்.

சிரித்ததில் கை அசைந்து
மூன்று மெஷின் ஒன்றாகக் கத்தின.
சேவுகனுடையது கத்தவில்லை.
அவர் ஜன்னல் வழியே வைகையைப் பார்த்திருந்தார்:
ஆகாயத்தாமரை, ஒரு எருமை, நடுவே கொஞ்சம் நீர்.
‘நான் அளந்த அகலம் இது இல்லை.’

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாம் கட்டிலில்
கல்லூரிப் பையன், காதில் ஒயர்.
‘சேவுகன் ஐயா ஷிப்ட் மாறிட்டாரு’ என்றாள் ஞானசௌந்தரி
டேப்பைக் கிழித்துக்கொண்டே.

ராத்திரி ஷிப்டா இருக்கும் என்றார் பிரேமாவதி,
மகன் வேலை முடிஞ்சு வந்து கூட்டிப்போகத் தோது.
முகத்தைப் பார்த்துச் சொல்லலையே என்றார் காஜா.
எந்த ஷிப்ட் என்று அவள் சொல்லவில்லை.
என் தொழிலில் விடுபட்டதுதான்
முதலில் கண்ணில் படும்.
மூவரும் அவளிடம் கேட்கவில்லை.
கேட்டால் டிவிக்குச் சத்தம் வைத்தது போலாகிவிடும்.

இப்போது அஞ்சலி போஸ்டர் மேஜைக்கு வந்தால்
வயதையோ ஊரையோ பார்ப்பதில்லை, பெயரைப் பார்க்கிறேன்.
இன்று காலை ஒத்தக்கடை ஆள் ஒருவர்.
‘ஆறா துயரில்’ என்று அடித்திருந்தான்.
நடுவில் ஒரு ‘த்’ போட்டேன்.
பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
சேவுகன் இதுவரை வரவில்லை.

நாளை சனி.
பையனிடம் சொல்லிவைத்திருக்கிறோம்,
பெயர் வரும் அந்த மூன்று நொடி மட்டும்
செல்லைக் கவிழ்த்து வை தம்பி என்று.
அதுல என்ன இருக்கு என்கிறான்.
இருக்கோ இல்லையோ, என்கிறார் காஜா,
ரெண்டாம் கட்டிலுக்குன்னு
ஒரு அர்த்தம் வேணும்ல.