ஆறு உறையுமா

உலான்பாதரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நாற்பது கணினிகளின் மூச்சே போதும்,
ஹீட்டரை அணைத்துவிட்டேன்,
முதலாளிக்குச் சொல்லவில்லை.

இரவுப் பணி எனக்கு.
காசு வாங்கி நாற்காலி எண் கொடுப்பவள்.
எனக்கு விளையாடத் தெரியாது.
யார் எத்தனை மணி நேரம் தொலைந்துபோனார்கள்
என்ற கணக்கு மட்டும் தெரியும்.

பதினேழாம் நாற்காலியைச் சுற்றி மூவர்.
மார்ச்சில் வரப்போகும் விளையாட்டின்
பன்னிரண்டு நிமிட முன்னோட்டம்
ஏழாம் தடவையாக ஓடுகிறது.
ஒரு கண்டமே திறந்து கிடக்குமாம்.
கண்ணுக்குத் தெரிகிற எந்த மலையிலும் ஏறலாமாம்.

"நிறுத்து நிறுத்து, அங்கதான்!"
சோத்பிலெக்கின் விரல் திரையில் பதிகிறது,
ஹூஷூர் தின்ற எண்ணெய் விரல்.
"குதிரை கழுத்தைப் பாரு.
வியர்வை காய்ஞ்சு உப்புப் பூத்திருக்கு.
உப்புடா!
இதை வரைஞ்சவன் லாயத்துலயே படுத்திருப்பான்."

தெல்கெர் மூக்கால் சிரிக்கிறான்.
"உப்பு இருக்கட்டும், அதுக்குத் தாகம் எடுக்குமா?
மூணு நாள் தண்ணி காட்டாம ஓட்டினா சாகுமா?
அந்தக் கொல்லன் வீட்டுக் கதவைத் தட்டினா
எவனாவது வருவானா,
இல்ல சுவத்துல ஒட்டின படமா?
போன தடவையும் இப்படித்தான் வாயைப் பிளந்த.
கடன் வாங்கி கார்டு போட்ட.
நூறு ஊரு, நூறுலயும் ஒரே ஆளு, ஒரே பேச்சு:
பயணியே, ஓநாய்கள் ஜாக்கிரதை.
ஏட்டுச் சுரைக்காயை எத்தனை பிக்சல்ல வரைஞ்சாலும்
கறிக்கு ஆகாது."

"ஆள் பாதி, ஆடை பாதி."

"முழுக்க ஆடைதான். ஆளு எங்க?"

பக்கத்து வரிசையில் யாரோ உஷ் என்கிறார்கள்.
சோத்பிலெக் குரலைத் தாழ்த்துகிறான்,
கோபம் தாழவில்லை.
"பகல் பூரா கரிக்கட்டி ஆலை எனக்கு.
கைக்கெட்டின தூரம்தான் தெரியும்.
ஒரு உச்சியில ஏறி நின்னு
அடிவானம் வரைக்கும் பார்த்தாப் போதும்.
வாளைக்கூட உருவ மாட்டேன்."

தெல்கெர் பதில் சொல்லவில்லை.
கடன் கம்பெனியில் தொலைபேசி வேலை அவனுக்கு.
உங்கள் தவணை தவறியிருக்கிறது,
உங்கள் தவணை தவறியிருக்கிறது,
ஒரு நாளைக்கு இருநூறு தடவை.

கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற மிஷேல்
அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அந்த ஆறு உறையுமா?"

"எது?"

"குதிரைக்குப் பின்னாடி.
கரையில பனி கிடக்கு, தண்ணி ஓடுது.
இன்னும் குளிர் ஏறினா உறையுமா?
மேல நடக்கலாமா?
நடுவுல உடையுமா?"

எட்டாம் தடவை ஓடவிட்டார்கள்.
ஆறு நீலமாக ஓடியது, எதையும் சொல்லாமல்.

"உறைஞ்சா உள்ள குமிழி தெரியணும்," சோத்பிலெக்.
"வெள்ளையா, அடுக்கடுக்கா."

"குமிழி தெரிஞ்சாத்தானே
எங்க மெல்லிசுன்னு பார்த்துக் கால் வைக்க முடியும்,"
தெல்கெர்.

ஒரு நொடி இருவரும் ஒரே கரையில் நின்றார்கள்.
அவர்களுக்கே தெரியாது.
நான் சொல்லப் போகவில்லை.
பிறகு விலையைப் பற்றிச் சண்டை தொடங்கியது.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள்.
கதவைத் திறந்ததும் கரிப்புகை உள்ளே வந்தது.
பழைய விளையாட்டுகளில்
எந்திரத்துக்கு மூச்சு வாங்கினால்
தூரத்தைப் புகைபோட்டு மறைத்துவிடுவார்களாம்,
தெல்கெர்தான் ஒருமுறை சொன்னான்.
முதல் விளக்குக் கம்பத்தில் மூவர்.
இரண்டாவதில் மூன்று தொப்பிகள்.
மூன்றாவது கம்பமே இல்லை.

பதினேழில் படம் அப்படியே நின்றிருந்தது,
ஆறு, கரை, குதிரை,
கழுத்தின் மேல் எண்ணெய்த் தடம்.
துணியெடுத்துத் துடைத்தேன்.
எண்ணெய் போயிற்று.
உப்பு போகவில்லை.